வற்றிய குளத்தில் யார் யார்?

ஆனி முடிகிற சமயத்தில் கூந்தன்குளத்தைப் பற்றிப் பத்திரிகைகளில் ஒரு செய்தி அநேகமாக வந்துவிடும். சீசன் முடிந்துவிட்டது, வெளிநாட்டுப் பறவைகள் குஞ்சுகளோடு சொந்த நாடு திரும்பிவிட்டன என்பது அதன் சாரம். கூடவே மஞ்சள்மூக்கு நாரை ஒன்றின் படம் இருக்கும். படத்தில் இருக்கிற நாரை வெளிநாட்டுப் பறவையே கிடையாது. அது எந்த நாட்டுக்கும் திரும்பவும் இல்லை. குஞ்சு பொரித்த கூட்டம் ஒன்று, வடக்கே இருந்து வந்த கூட்டம் வேறொன்று. செய்தியைப் படிக்கிறவர் மனத்தில் இரண்டும் கலந்துவிடுகின்றன. இதைவிடப் பெரிய பிழை, ஜூலையோடு குளம் காலியாகிவிடுகிறது என்ற எண்ணம். ஆடியிலும் ஆவணியிலும் திருநெல்வேலி மாவட்டத்துக் குளங்களை நின்று பார்த்தால், போகிறவையும் வருகிறவையும் எங்கும் போகாமலே இருப்பவையும் ஒரே சேற்றில் மேய்வது தெரியும். யார் யார் என்று பிரித்துப் பார்ப்பது அவ்வளவு கடினமான காரியமில்லை. அதைத் தெரிந்துகொள்ளாததால் நாம் செய்கிற சில வேலைகள் தப்பான மாதத்தில் நடக்கின்றன என்பதற்காகவே இதை எழுத வேண்டியிருக்கிறது.

முதலில் இடத்தைப் பற்றி. தாமிரபரணிப் பாசனப் பகுதிக்கு இரண்டு பருவமழையும் உதவுகிறது. பொதிகையில் தென்மேற்குப் பருவமழை பெய்து அணையில் தண்ணீர் இருந்தால் ஜூனில் கார் சாகுபடிக்குத் திறந்துவிடுவார்கள். ஆகஸ்டில் அம்பாசமுத்திரம் பக்கம் வயலெல்லாம் பச்சையாக இருக்கும். கொஞ்சம் தெற்கே நாங்குநேரி, ராதாபுரம் பக்கம் போனால் நிலைமை நேர்மாறு. மலை மறைத்துவிடுவதால் மழை இல்லை. கணவாய் வழியாகக் காற்று மட்டும் புழுதியை வாரிக்கொண்டு வரும். அந்தப் பக்கத்துக் குளங்கள் ஐப்பசி, கார்த்திகை மழைக்காகக் காத்துக் கிடப்பவை. கூந்தன்குளத்துக்கு மணிமுத்தாறு அணைத் தண்ணீர் கால்வாய் வழியாக வருவதால் மற்றக் குளங்களைவிடக் கொஞ்சம் நாள் கூடுதலாகத் தாங்கும். அதுவும் கோடை கடைசியில் நடுக்குளத்துக் குட்டையாகச் சுருங்கிவிடும். 1994இல் சரணாலயமாக அறிவிக்கப்பட்டு, 2022இல் ராம்சர் ஈரநிலங்களின் வரிசையில் அறிவிக்கப்பட்ட இந்தக் குளம் அடிப்படையில் ஒரு பாசனக் குளம்தான். மடை உண்டு, மறுகால் உண்டு, ஆயக்கட்டு உண்டு.

கூந்தன்குளத்தில் கூடு கட்டுகிறவற்றில் முக்கியமானவை மஞ்சள்மூக்கு நாரையும் கூழைக்கடாவும். இரண்டும் இந்தியாவிலும் இலங்கையிலும் ஆண்டு முழுக்க இருப்பவை. வடகிழக்குப் பருவமழையில் குளம் நிறைந்த பிறகு இவை கூடிவந்து, குளத்துக் கருவேல மரங்களிலும் ஊருக்குள் வீட்டுப் புறவாசல் மரங்களிலும் கூடு வைக்கின்றன. ஏன் தண்ணீர் நிறைந்த பிறகு? நாரையின் இரைதேடும் முறையைப் பார்த்தால் காரணம் புரியும். மஞ்சள்மூக்கு நாரை மீனைக் கண்ணால் பார்த்துப் பிடிப்பதில்லை. அலகைப் பாதி திறந்தபடி தண்ணீருக்குள் விட்டு, இடதும் வலதுமாக அசைத்துக்கொண்டே நடக்கும். மீன் உரசியதும் அலகு மூடிக்கொள்ளும். ஆழத் தண்ணீரில் இந்த வித்தை பலிக்காது. முழங்கால் அளவுத் தண்ணீரில், மீன் நெருக்கமாக இருந்தால்தான் பலிக்கும். குளம் நிறைந்திருக்கும்போது மீன் பெருகும். குளம் வற்றிவரும்போது அந்த மீனெல்லாம் குறுகிய இடத்தில் சேரும். குஞ்சுக்குப் பசி அதிகமாக இருக்கும் வாரங்களும், கெண்டையும் ஜிலேபியும் குட்டையில் நெருக்கியடிக்கும் வாரங்களும் ஒன்றாக அமையும்படி அவற்றின் நாள்கணக்கு இருக்கிறது.

இந்தக் கணக்கில் ஓர் ஆபத்தும் உண்டு. முட்டை தாமதமாக வைத்த ஜோடிகளின் குஞ்சுகள் வைகாசி, ஆனி வெயிலில் கூட்டில் கிடக்கும். உச்சிவெயில் நேரத்தில் தாயோ தகப்பனோ கூட்டின் மேல் நின்று, சூரியனுக்கு முதுகைக் காட்டி, இரண்டு சிறகையும் விரித்துக் குஞ்சுக்கு நிழல் பிடிக்கும். தொண்டையில் தண்ணீர் கொண்டுவந்து குஞ்சின் மேல் கக்கும். பெரிய நாரைகள் தம் கால்மேல் தாமே எச்சமிட்டுக்கொள்வதையும் பார்க்கலாம். சிவந்த கால் வெள்ளையடித்தது போல ஆகிவிடும். அசுத்தமென்று முகம் சுளிக்க வேண்டாம். அந்த ஈரம் உலரும்போது காலில் ஓடும் ரத்தம் குளிர்கிறது. காற்று பலமாக அடிக்கும் நாள்களில் கூட்டிலிருந்து குஞ்சு தவறி விழும். விழுந்த குஞ்சைப் பெற்றோர் கீழே வந்து கவனிப்பதில்லை. நாய் எடுத்துப் போகாமல் அதைக் காப்பாற்றுவது ஊரார் கையில்தான் இருக்கிறது. கூந்தன்குளத்து மக்கள் இதைத் தலைமுறையாகச் செய்துவருகிறார்கள். வீட்டு மரத்தில் கூடிருந்தால் வாடையையும் எச்சத்தையும் பொறுத்துக்கொண்டு, பட்டாசு வெடிக்காமல், குஞ்சு பறக்கும்வரை காத்திருக்கிறார்கள். எச்சம் கலந்த குளத்துத் தண்ணீர் வயலுக்கு உரம் என்பது அவர்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியிராத பாடம்.

ஜூன், ஜூலையில் குளத்து ஓரத்தில் மங்கிய பழுப்பு நிறத்தில், அலகிலும் நிறம் ஏறாத நாரைகள் கும்பலாக நிற்கும். வேறு ஏதோ புது இனம் வந்திருக்கிறது என்று பலர் அவற்றைப் படம் பிடிக்கிறார்கள். அவை அந்த ஆண்டு பிறந்த மஞ்சள்மூக்கு நாரைகள்தான். மார்பில் கருப்புப் பட்டையும், வாலோரச் சிறகில் இளஞ்சிவப்பும், முகத்தில் ஆரஞ்சும் வர ஆண்டுகள் ஆகும். குளம் முழுவதும் வற்றும்போது இவை தண்ணீர் இருக்கும் திசையில் கலைகின்றன: ஆற்றங்கரை, கார் வயல், பெரிய குளங்களின் எஞ்சிய குட்டைகள், கடலோரக் கழிமுகம். பத்திரிகை சொல்லும் சொந்த நாடு இதுதான். அடுத்த மழைக்குப் பின் மறுபடி கூடும். குளத்தில் தண்ணீர் இல்லாவிட்டால் அந்த ஆண்டு இங்கே கூடு வைக்காமல் வேறு குளம் பார்த்துக்கொள்ளும்.

இதில் நினைவில் வைக்க வேண்டியது ஒன்றே. வடக்கிலிருந்து குளிர்காலத்துக்கு இங்கே வரும் வாத்தோ உள்ளானோ இங்கே முட்டையிடுவதில்லை. வரித்தலை வாத்து திபெத்திலும் மங்கோலியாவிலும் ஏரிக்கரைகளில் கூடு கட்டும் பறவை. மங்கோலியாவில் கழுத்துப்பட்டை மாட்டிவிடப்பட்ட வரித்தலை வாத்துகள் கர்நாடகத்து ஏரிகளில் பார்க்கப்பட்டிருக்கின்றன. நம்மிடம் அது வருவது சாப்பிட, இளைப்பாற, உயிர் தப்ப. பிள்ளை பெறுவது அங்கேதான். கூட்டில் குஞ்சோடு ஒரு பறவையைத் திருநெல்வேலிக் குளத்தில் பார்த்தால், அது நம்மூர்ப் பறவை என்று தயங்காமல் எழுதிக்கொள்ளலாம்.

ஆடியில் சில பறவைகள் காணாமல் போய்விட்டதாகத் தோன்றுவதும் உண்டு. சித்திரையிலிருந்து விடியுமுன்னே கூவி எழுப்பிய குயிலின் சத்தம் மெல்லக் குறைந்து நின்றுவிடும். குயில் ஊரைவிட்டுப் போகவில்லை, கூவ வேண்டிய வேலை முடிந்துவிட்டது. அந்த நாள்களில் காக்கை ஒன்று தன்னைப் போலில்லாத ஒரு குஞ்சுக்கு ஓயாமல் ஊட்டிக்கொண்டிருப்பதைப் பார்த்தால் குயிலின் அந்த ஆண்டுக் கதை முழுதும் தெரிந்துவிடும். ஆண்மயில் இனப்பெருக்கக் காலம் முடிந்ததும் தோகையை உதிர்க்கிறது. ஆண்டுதோறும் நடப்பதுதான். காட்டில் தோகை இறகு சிதறிக் கிடந்தாலே யாரோ மயிலைக் கொன்றுவிட்டார்கள் என்று முடிவுகட்ட வேண்டியதில்லை. முளைத்து வரும் புது இறகோடு, வால் குட்டையாக, அதே மயில் பக்கத்துக் காட்டில் மேய்ந்துகொண்டிருக்கும்.

இனி, வருகிறவை. ஜூலைக் கடைசியிலிருந்தே வற்றிய குளத்து உள்வாயில் சிறிய, சேற்று நிறப் பறவைகள் தென்படும். வாலை ஓயாமல் ஆட்டிக்கொண்டு ஓரமாக நடக்கும் சாதா உள்ளான், முதுகில் வெள்ளைப் புள்ளி தெளித்த பொறி உள்ளான், நிமிர்ந்து நிற்கும் பச்சைக்காலி. கொஞ்ச நாளில் வளைமூக்கு உள்ளானும், ஏறத்தாழ 25 கிராம் எடையே உள்ள கொசு உள்ளானும் சேர்ந்துகொள்ளும். குளிர்காலப் பறவை என்று புத்தகத்தில் போட்டிருக்கிறதே, இந்த வேகாத வெயிலில் ஏன் வந்தது என்று கேட்பவர்கள் உண்டு. மழை சீக்கிரம் வரப்போகிறது என்பதற்கு அடையாளம் என்று எடுத்துக்கொள்கிறவர்களும் உண்டு.

நம் வானிலைக்கும் இவற்றின் வருகைக்கும் தொடர்பில்லை. விடையை வடக்கே தேட வேண்டும். வளைமூக்கு உள்ளான் சைபீரியாவின் வடகோடியில், டைமிர் தீபகற்பத்தை ஒட்டிய பனிநிலத்தில் கூடு வைக்கிறது. அங்கே ஜூனில்தான் பனி உருகுகிறது. சூரியன் மறையாத அந்தச் சில வாரங்களில் பூச்சிகள் பெருகும். முட்டையிட்டு, மூன்று வாரம் அடைகாத்துக் குஞ்சு பொரித்துவிட்டால் பெரிய வேலை முடிந்தது. உள்ளான் குஞ்சு நாரைக் குஞ்சு போல வாயைப் பிளந்துகொண்டு கூட்டில் கிடப்பதில்லை. உடம்பு உலர்ந்ததும் எழுந்து ஓடித் தானே பூச்சி பொறுக்கித் தின்னும். ஆகவே பெற்றோர் இருவரும் கடைசிவரை இருக்க வேண்டிய அவசியமில்லை. வளைமூக்கு உள்ளானில் அடைகாப்பதும் குஞ்சைக் கவனிப்பதும் பெண்ணின் பொறுப்பு. ஆண் முதலில் கிளம்பிவிடும். பொறி உள்ளானில் பெண் முந்திக்கொள்ளும், ஆண் குஞ்சோடு தங்கும். கூடு அழிந்துபோன ஜோடிகள் எல்லோருக்கும் முன்பே புறப்பட்டுவிடும். அங்கே கோடை முடிகிறது, இங்கே ஆடிக்காற்று அடித்துக்கொண்டிருக்கிறது. அவ்வளவுதான் விஷயம். ஆகஸ்டு முதல் வாரத்தில் நாங்குநேரிப் பக்கத்துக் குளத்தில் நிற்கும் ஓர் உள்ளான், ஒரு குடும்பப் பொறுப்பை முடித்துவிட்டோ இழந்துவிட்டோ வந்திருக்கும் பறவை.

அதன் உடம்பைக் கிட்டத்தில் பார்த்தால் இது தெரியும். தொலைநோக்கி இருந்தால் நல்லது. இல்லாவிட்டாலும் கரையில் அசையாமல் உட்கார்ந்தால் உள்ளானே அருகில் வரும். ஆகஸ்டில் வரும் வளைமூக்கு உள்ளானின் மார்பில் செங்கல் சிவப்பு இன்னும் மிச்சமிருக்கும், திட்டுத் திட்டாக, இடையிடையே வெள்ளை. முதுகு இறகுகளின் ஓரம் தேய்ந்து பிய்ந்திருக்கும். செப்டம்பரில் வருகிற சில பறவைகளோ புத்தம் புதிதாக இருக்கும். முதுகின் ஒவ்வோர் இறகிலும் மெல்லிய வெளிர்கரை, மீன் செதில் அடுக்கியது போல ஒழுங்காக. அவை அந்த ஜூலையில் பிறந்த குஞ்சுகள். பெற்றோர் போய் வாரங்கள் கழித்து, வழிகாட்டப் பெரியவர் யாருமின்றி, திசையைப் பிறவியிலேயே அறிந்து பறந்து வந்தவை. மூன்று மாதம்கூட நிறையாத பறவை இந்த மண்ணுக்கு வந்து நிற்கிறது என்பதை நினைத்தால், அதைக் கல்லெறிந்து விரட்ட யாருக்கும் மனம் வராது.

உள்ளான்களுக்குப் பின்னால் மற்றவை வரிசையாக வரும். ஆவணியில் மின்கம்பியில் தகைவிலான்கள் உட்காரத் தொடங்கும். குற்றாலத்தில் சாரல் ஓய்கிற சமயத்தில் அருவிக்கரைப் பாறைகளில் கருஞ்சாம்பல் வாலாட்டி வந்துவிடும். வாத்துகளில் நீலச்சிறகி முந்திக்கொள்ளும். அப்போது அதில் ஆணும் பெண்போலப் பழுப்பாகவே இருக்கும். புருவத்து வெள்ளைக்கோடு பளிச்சென்று தெரிய மாதங்கள் ஆகும் என்பதால், பெண் வாத்து மட்டுமே வந்திருப்பதாக எண்ணிக்கொள்ளக் கூடாது.

எல்லாவற்றையும் இப்படி வந்தது, இருப்பது என்று இரண்டு கூடையில் போட்டுவிட முடிந்தால் எளிதாக இருக்கும். இயற்கை அந்த வசதியைத் தரவில்லை. உள்ளான்களில் பல, பிறந்த முதல் ஆண்டில் வடக்கே திரும்பிப் போவதில்லை. இனப்பெருக்கத்துக்கு வயது வராத பறவை அவ்வளவு தூரம் பறந்து உடம்பைக் கெடுத்துக்கொள்வானேன்? கோடியக்கரையிலும் மன்னார் வளைகுடாக் கரையிலும் தூத்துக்குடி உப்பளங்களிலும் நிறம் மாறாத உள்ளான்கள் கோடை முழுக்க மேய்வதற்குக் காரணம் இதுதான். சித்திரை வெயிலில் அங்கே பூநாரை நிற்பதைப் பார்த்து வழிதவறிய பறவை என்பார்கள். அது வழி தவறவில்லை. கூடு வைக்கும் பருவத்துப் பூநாரைகள் குஜராத்தின் கட்ச் பகுதிக்குப் போகும்; வயது வராதவை இங்கேயே தங்கிவிடும். இன்னொரு சிக்கல், சின்னப் பட்டாணி உப்புக்கொத்தி. அதில் நம்மூரிலேயே முட்டையிடும் கூட்டமும் உண்டு, வடக்கிலிருந்து வரும் கூட்டமும் உண்டு. செப்டம்பரில் இரண்டும் கலந்து நின்றால், எது உள்ளூர், எது வெளியூர் என்று தேர்ந்த கண்ணுக்கும் சொல்வது கடினம்.

நம் கடற்கரை உப்புக்கொத்தி ஒன்றின் கதை இதற்கு நல்ல உதாரணம். இலங்கையிலும் தென்னிந்தியாவிலும் வாழும் ஒரு சின்ன உப்புக்கொத்தியை, ஐரோப்பாவிலிருந்து ஆசியா வரை பரவியிருக்கும் கெண்டிஷ் உப்புக்கொத்தியின் கிளை என்றே நெடுங்காலம் எழுதிவந்தார்கள். உடலமைப்பையும் மரபணுவையும் ஒப்பிட்டுப் பார்த்த பிறகு, 2023இல் அதைத் தனி இனமென்று பிரித்து அனுமன் உப்புக்கொத்தி என்று பெயரிட்டார்கள். உலகெங்கும் பரவிய ஓர் இனத்தின் கிளையாக வைத்துப் பார்த்த ஒன்று, உலகில் வேறெங்கும் இல்லாத, இந்த வட்டாரத்துக்கே உரிய பறவையாகிவிட்டது.

இனி, குளத்தின் சேற்றுக்கு வருவோம். தண்ணீர் வற்றிய உள்வாயைப் பயனற்ற தரை என்று நினைக்கிறோம். கணுக்கால் அளவுத் தண்ணீரும் அதைச் சுற்றியுள்ள ஈரச் சேறும்தான் உள்ளானின் சாப்பாட்டு மேசை. சேற்றுக்குள் சிவப்புப் புழுக்களும் சிறு நத்தைகளும் பூச்சிக் குஞ்சுகளும் இருக்கின்றன. கொசு உள்ளான் மேற்பரப்பைக் கொத்தும். வளைமூக்கு உள்ளான் அலகை இறக்கித் துழாவும். கருவால் மூக்கன் இன்னும் ஆழத்தில் தேடும். அலகின் நீளத்துக்குத் தக்கபடி ஒரே சேற்றில் தனித்தனிப் பந்தி நடக்கிறது. குளம் செங்குத்தான பள்ளமாகிவிட்டால் இந்தப் பந்தி கலைந்துவிடும். ஆழத் தண்ணீரில் நீர்க்காகம் முக்குளிக்கலாம், உள்ளானுக்குக் கால் எட்டாது.

குளம் தூர்வாருவது விவசாயிக்குத் தேவை. வண்டல் அள்ளினால் கொள்ளளவு கூடும், அந்தக் கரம்பை வயலுக்கு நல்லது. அதை நிறுத்தச் சொல்வது அநியாயம். எப்படி, எப்போது என்பதில்தான் பேச வேண்டியிருக்கிறது. வண்டலைச் சீராக அள்ளினால் குளத்தின் சரிவு அப்படியே இருக்கும். செம்மண்ணும் சரளும் கிடைக்கிறது என்று ஒரே இடத்தில் இயந்திரத்தை இறக்கிக் கிணறு போலத் தோண்டினால், மழையில் ஆடு மாடுகூட விழுந்து சாகும் பள்ளம்தான் மிஞ்சும். மடையை ஒட்டிய ஆழப்பகுதியை வாரிவிட்டு, எதிர்க்கரைப் பக்கத்து ஆழமில்லாத சரிவைக் கைவைக்காமல் விட்டாலே போதும். பாசனத்துக்கு அதனால் ஒரு நஷ்டமும் இல்லை. குளத்து மரம் வெட்டும் ஏலத்திலும் இதே கவனம் வேண்டும். வைகாசி, ஆனியில் கருவேல மரத்தில் கடைசிக் குஞ்சுகள் இருக்கும். சீமைக்கருவேலத்தை அகற்ற வேண்டும் என்பதில் மறுப்பில்லை. கூடிருக்கும் மரத்தைக் குஞ்சு பறக்கும்வரை விட்டுவைத்து, ஆவணிக்குப் பின் வெட்டுவதில் யாருக்கும் எதுவும் குறைந்துவிடாது.

தாமிரபரணிக் குளங்களில் 2011 முதல் நடக்கும் நீர்ப்பறவைக் கணக்கெடுப்பும், 2015இல் தொடங்கிய பொங்கல் பறவைக் கணக்கெடுப்பும் ஜனவரியில் நடப்பவை. குளம் நிறைந்திருக்கும் மாதம், பறவையும் அதிகம், அந்த ஏற்பாடு சரியானதே. அதனால் ஒரு குறையும் உண்டாகிறது: ஜூலை முதல் செப்டம்பர் வரை நம் குளங்களைப் பற்றிய பதிவு மிகக் குறைவு. பதிவில்லாத குளத்துக்காகப் பேச ஆதாரம் இருக்காது. முதல் பொறி உள்ளான் எந்த வாரம் வந்தது, எத்தனை நாள் தங்கியது, எந்தக் குளத்தில் சேறு இருந்தது என்பதெல்லாம் ஊர்க்காரர் ஒருவர் நோட்டில் எழுதிவைத்தாலும் அறிவியலுக்குப் பயன்படும். ஈபேர்டு செயலியில் தமிழ்ப் பெயரிலேயே பதிவிடலாம். இனம் தெரியாவிட்டால் உள்ளான் என்று மட்டும் எழுதி, எண்ணிக்கையும் தேதியும் குளத்தின் பெயரும் சேர்த்தால் போதும்.

இந்த ஆடியில் உங்கள் ஊர்க்குளத்துக் கரையில் காலை வெயில் ஏறுமுன் அரைமணி நேரம் உட்காருங்கள். எதைப் பார்த்தீர்களோ அதைத் தேதியோடு எழுதுங்கள். தூர்வார ஆள் வந்தால், எந்தப் பக்கத்துச் சரிவை விட வேண்டும் என்று சொல்லுங்கள்.